உதயகுமார் ஷரத்து

பந்தம் டிவியில் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அங்கே நிச்சயதார்த்தம்தான் நடக்கும்.

மண்ணூர்பேட்டையில், முன்பு போல்ட்டும் நட்டும் செய்துகொண்டிருந்த ஒரு ஷெட்டை இடித்துக் கட்டிய மாடிக் கட்டடம் அது. எவ்வளவு ஏசி போட்டாலும் வெயில் ஏறினால் தரையிலிருந்து மசகெண்ணெய் வாசனை கிளம்பும். முதல் மாடியில் இருந்த மீட்டிங் அறைக்கு மணவறை என்று பெயர். வாழைமரம் பிளாஸ்டிக்கில், மாவிலைத் தோரணம் துணியில், வருஷம் முழுக்க வாடாமல் நிற்கும். விளம்பரம் கொடுக்கிற கம்பெனி மாப்பிள்ளை வீடு. நிகழ்ச்சி தயாரிக்கிறவர் பெண் வீடு. இரண்டு தரப்பும் எதிரெதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படியானால் சேனல் யார் வீடு என்று ஒரு தயாரிப்பாளர் ஒருமுறை கேட்டுவிட்டார். "நாங்க ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சொந்தம்" என்றார் நிர்வாக இயக்குநர் ரகுநாதன். பொதுச் சொந்தத்துக்குக் கல்யாணத்தில் செலவு கிடையாது, பந்தியில் இடம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரும் ரகுநாதன்தான். வக்கீல், நோட்டீஸ் என்று தொழிலில் மனக்கசப்பு பெருகிவிட்டதாம். "கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க கோர்ட்டுக்குப் போறாங்களா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். குடும்ப நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கே தாம்பூலத் தட்டுகளுக்கு ஆர்டர் போனது.

முறை இதுதான். நல்ல நேரத்தில் ரகுநாதன் எழுந்து நின்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை உரக்க வாசிப்பார். அதில் இரு வீட்டாரின் பெயரும் முகவரியும் பெருமையும் இருக்கும். அடுத்து நேராகக் கடைசிப் பக்கம், கையெழுத்துப் போடும் இடம். நடுவில் இருக்கிற பக்கங்களை மஞ்சள் நூலால் சுற்றிக் கட்டி, முடிச்சின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கங்களில் முறிவு, விலகல், மீறல், மரணம் போன்ற சொற்கள் வருகின்றன. அவை நல்ல நேரத்தில் காதில் விழக் கூடாது. கல்யாண வீட்டில் யாராவது விவாகரத்தைப் பற்றிப் பேசுவார்களா? மாட்டார்கள். ஆகவே பந்தம் டிவியோடு சம்பந்தம் செய்துகொண்ட ஒருவருக்கும் தான் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரிந்ததில்லை.

அந்த மஞ்சள் நூலைக் கட்டுகிறவன் உதயகுமார், ஒப்பந்தப் பிரிவு மேலாளர். மேலாளர் என்றால் கீழே ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நூல்கண்டு இருந்தது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மகன் கறுப்புக் கோட்டு போடுவான் என்று அவனுடைய அப்பா சட்டம் படிக்கவைத்தார். மகன் அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் கும்பகோணம் வெற்றிலை பேரம் பேசிக்கொண்டிருந்தான். ராகுகாலம் பார்ப்பது, குங்குமம் பேப்பரில் கொட்டாமல் பார்ப்பது, மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் காபி போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இடையில் நேரம் கிடைத்தால் ஒப்பந்தமும் எழுதுவான்.

ஆனாலும் அவனுக்கு அந்த வேலைமேல் வெறுப்பு இல்லை. காரணம், ரகுநாதனின் கை. சேர்ந்த முதல் நாளிலேயே அந்தக் கை அவன் தோளில் விழுந்தது. "நீ எனக்கு ஸ்டாஃப் இல்ல உதயா, தம்பி" என்றார். ஓட்டுநர், வாட்ச்மேன், ஏசி ரிப்பேர்காரர் எல்லாரும் தம்பிகள்தான் என்பது அவனுக்குத் தாமதமாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் தோளில் கை விழும்போது அவனுக்கு நெஞ்சு நிறைந்துதான் போகும். மனுஷனுக்குத் தோள் என்று ஒன்று இருப்பதே இப்படி ஏமாறத்தானோ என்னவோ.

ஒருநாள் அந்தக் கையைப் போட்டபடியே ரகுநாதன் சொன்னார். "நம்ம சேனல்ல மாமியார் இருக்கு, பாம்பு இருக்கு, ராசிபலன் இருக்கு. ஜனங்க நம்பற மாதிரி ஒண்ணுதான் இல்ல. நம்பிக்கையான ஆள் யாரையாவது கொண்டா தம்பி. நம்பிக்கைக்கு மார்க்கெட்ல இப்ப நல்ல ரேட்."

உதயகுமாருக்கு உடனே யூசுப் ஞாபகம் வந்தது.

யூசுப் அவனோடு ஆவடியில் ஒரே பெஞ்சில் படித்தவன். குமணன்சாவடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு மழைக்காலத்தில் தன் தெருவில் அடைத்துக்கொண்ட சாக்கடையைச் செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டான். சாக்கடை திறந்துகொண்டது. அதிலிருந்து 'எங்க தெரு' என்று வாராவாரம் ஒரு தெருவுக்குப் போக ஆரம்பித்தான். விளக்கெரியாத தெரு, குழி தோண்டி மறந்துபோன தெரு, குப்பை வண்டி வராத தெரு. ஆட்களைப் பேசவிடுவான். நடுவில் குறுக்கிட மாட்டான். வேலை முடிகிற வரைக்கும் அந்தத் தெருவை விடவும் மாட்டான். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் 'பாய் வந்தா நடக்கும்' என்று ஒரு பேச்சு இருந்தது.

குமணன்சாவடி சந்திப்பில் ஒரு டீக்கடையில் இருவரும் நின்றார்கள். பெங்களூர் பஸ்கள் ஹாரன் அடித்து முடிக்கிற இடைவெளியில்தான் பேச முடிந்தது.

"நீ சொல்றது நல்லாத்தான் கீது மச்சான்" என்றான் யூசுப். "ஆனா எங்கையில இன்னா கீது சொல்லு. ஒரு பழைய ஃபோனு. அப்பால எம்பேரு. நாளைக்கு எக்குத்தப்பா எதுனா ஆச்சின்னா ஃபோனு வேற வாங்கிக்கலாம்."

"உன் பேருக்கு நான் பொறுப்பு."

"வானகரத்துல பஞ்சவர்ணம் அக்கா தெரு கீதே, அத்த நெனச்சாத்தான் ரோசனையா கீது. மழ வந்தா ஊட்டுக்குள்ள முட்டி வரிக்கும் தண்ணி. காவாய மறிச்சி அந்த பில்டருங்க செவுரு எழுப்பிட்டானுங்க. நான் வீடியோ போட்டு பாத்துட்டேன், அசையல. டீவில வந்தா அசையும்ல?"

"கண்டிப்பா."

"அக்காகிட்ட நான் வாக்கு குட்துக்கீறேன்டா. தெருவே எம்மூஞ்சிய பாத்துகினு குந்திகீது."

"நான் இருக்கேன்ல மச்சான். பேப்பரை எழுதப்போறதே நான்தான்."

அவன் சொன்னது சத்தியம். எழுதினான். இதுவரைக்கும் எந்தப் பெண் வீட்டுக்கும் எழுதாத ஒரு ஷரத்தை யூசுப்புக்காக எழுதினான். 'எங்க தெரு' நிகழ்ச்சியை மூன்று வருஷத்துக்கு எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வாரமும் யூசுப்பின் பெயரும் முகமும் முகப்பில் வந்தே ஆக வேண்டும். வேறு ஒருவர் பெயரைப் போடக் கூடாது. எந்தத் தரப்பும் விலகக் கூடாது. மற்ற நிகழ்ச்சிகளைத் திடீரென்று நிறுத்தி, தயாரிப்பாளர்களை வாசலில் நிறுத்தியதை எல்லாம் பார்த்தவன் அவன். ஆகவே ரகுநாதன் நுழையக்கூடிய ஒவ்வொரு ஓட்டையையும் தேடித் தேடி அடைத்தான். ரகுநாதன் சம்மதிக்க மாட்டார், சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனான். அவர் ஒரு தடவை படித்துவிட்டு, "அற்புதம் தம்பி" என்றார். அப்போதே அவன் யோசித்திருக்க வேண்டும்.

நிச்சயத்துக்கு யூசுப் வெள்ளைச் சட்டையில் வந்தான். எதிரே ஐந்து மாப்பிள்ளை வீட்டார். மெத்தைக் கம்பெனி, கொசுவிரட்டிக் கம்பெனி, கேன் தண்ணீர்க் கம்பெனி, ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூட்டுவலித் தைலம். ஒரு பெண்ணுக்கு ஐந்து மாப்பிள்ளையா என்று யூசுப் தயங்கினான். மகாபாரதத்திலேயே முன்மாதிரி இருப்பதாக ரகுநாதன் தைரியம் சொன்னார்.

முதல் பக்கம் வாசித்தாயிற்று. பேனா கைக்கு வந்தது. யூசுப் மஞ்சள் நூலைத் தடவிப் பார்த்தான்.

"சார், தப்பா நெனக்காதீங்க. எங்க நிக்காஹ்ல மாப்ள பொண்ணுக்குக் குடுக்கற மஹர் எவ்ளோன்னு சபையில சத்தமா சொல்லுவாங்க. பொண்ணாண்ட போயி சம்மதமான்னு கேப்பாங்க. சாட்சிங்க முன்னாடி எல்லாத்தையும் பேசிட்டுத்தான் கையெழுத்து. நீங்க கல்யாணம்னு சொல்றீங்க, பேப்பர மட்டும் கட்டி வெச்சிகீறீங்களே?"

 தைலக் கம்பெனிக்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.

"எல்லாச் சம்பிரதாயத்துக்கும் இங்க மரியாதை உண்டு" என்றார் ரகுநாதன் உருக்கமாக. "அதனாலதான் உங்களுக்காக மத்தியானம் பிரியாணி சொல்லியிருக்கேன்."

யூசுப் திரும்பி உதயகுமாரைப் பார்த்தான். உதயகுமார் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் நடந்தது. வேறு யாரும் அவனை வற்புறுத்தவில்லை. யூசுப் கையெழுத்துப் போட்டான், தட்டு மாறியது, எல்லாரும் கைதட்டினார்கள். பிரியாணி நன்றாகவே இருந்தது.

நடுப்பக்கங்களில் எல்லா ஒப்பந்தத்துக்கும் பொதுவான ஒரு வரி உண்டு. 'நிகழ்ச்சியானது மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணாமல் நடந்துகொள்ளும்' என்பது அந்த வரி. உதயகுமார் அதை எத்தனையோ தடவை டைப் செய்திருக்கிறான். அலங்கார வாக்கியம் என்றே நினைத்திருந்தான். ரகுநாதன் அதற்காக ஒரு துறையையே வைத்திருந்தார். ஒத்திசைவுத் துறை. அதன் தலைவர் ஷர்மிளா, மேலாண்மை படித்தவர், எப்போதும் சிரித்த முகம், குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

முதல் வாரம் அயப்பாக்கம் பக்கம் ஒரு தெரு. கரண்ட் இல்லாமல் ஜனங்கள் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். மெத்தைக் கம்பெனியின் மனம் கோணியது. தரையில் தூங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதுபோலத் தெரிகிறது என்று புகார். ஷர்மிளா சிரித்தபடி ஒரு குறிப்பு அனுப்பினார். இனி யாரும் பாயில் தூங்குவதைக் காட்டக் கூடாது, புரண்டு படுப்பதைக் காட்டலாம்.

அடுத்த வாரம் கொசு. முதல் பாதியில் கொசு இருக்கலாம், விளம்பர இடைவேளைக்குப் பிறகு இருக்கக் கூடாது. அன்று ஒரு பெரியவர் இரண்டாம் பாதியில் பேசும்போது கையில் ஒரு கொசுவை அடித்துவிட்டார். அவருடைய பேச்சு முழுவதும் வெட்டப்பட்டது. அதில்தான் அவர் தன் தெருவில் டெங்கு வந்த குழந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தார். குழந்தை அரசு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டதால் தனியார் ஆஸ்பத்திரியின் மனமும் சேர்ந்து கோணியிருந்தது.

பிறகு திருமுல்லைவாயில் பக்கத்தில் யூசுப் அலையாய் அலைந்து, வருஷக் கணக்கில் வறண்டு கிடந்த தெருக்குழாயில் தண்ணீர் வரவைத்தான். பெண்கள் குழாயைச் சுற்றிக் குலவை போட்டார்கள். நிகழ்ச்சியின் முதல் வெற்றி அது. கேன் தண்ணீர்க் கம்பெனி அழாத குறையாக வந்து நின்றது. "சம்பந்தி வீட்டு வயித்துல அடிக்கறது நல்லதா?" என்று ஷர்மிளா கேட்டார். குழாய் இருந்தது, பெண்கள் இருந்தார்கள், குலவை இருந்தது. தண்ணீர் வந்த காட்சியை மட்டும் எடுத்துவிட்டார்கள். வறண்ட குழாயைச் சுற்றிப் பெண்கள் எதற்காகக் குலவை போட்டார்கள் என்பது பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் புரியவில்லை.

யூசுப் மண்ணூர்பேட்டைக்கு வந்து வாசலில் நின்றான். "மச்சான், இன்னாடா நடக்குது இங்க?"

"சின்னச் சின்ன விஷயம்டா. கொஞ்சம் பொறு. பஞ்சவர்ணம் அக்கா எபிசோடைத் தொட விடமாட்டேன்."

"அது போதும்டா எனக்கு" என்றான் யூசுப்.

அந்த வருஷத்து முதல் பெருமழையில் எபிசோடு எடுக்கப்பட்டது. பஞ்சவர்ணம் காலையில் ஆப்பக்கடை போடுகிறவள். கடையும் வீடும் ஒன்றுதான், இரண்டும் தண்ணீரில் நின்றன. முட்டிவரை நனைந்த புடவையோடு, வலது கையை நீட்டி, தெருமுனைச் சுவரைக் காட்டிப் பேசினாள். "தோ பாரு நைனா, அந்த செவுருதான். அதுக்கு அந்தாண்ட காவா கீது. செவுத்த ஒடச்சா எங்க தண்ணி போயிரும். நாங்க ஊடு கேக்கல, காசு கேக்கல. தண்ணி போறதுக்கு வழி வுடுங்கன்னுதான் கேக்கறோம்." சுவருக்குப் பின்னால் பொன்னந்தி ஹோம்ஸின் அடுக்குமாடி பளபளவென்று நின்றது. யூசுப் கேமராவை அவள் விரல் நுனியிலிருந்து நகர்த்தவே இல்லை.

முன்னோட்டம் ஒளிபரப்பான மறுநாள் பொன்னந்தி ஹோம்ஸ்காரர்கள் மண்ணூர்பேட்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு வருவார்கள் என்று உதயகுமார் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தான். அவர்கள் தட்டோடு வந்தார்கள். பழம், பூ, தேங்காய், சர்க்கரை எல்லாம் இருந்தது. ஆறாவது மாப்பிள்ளை. நடுப்பக்கங்களின்படி புது மாப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் பெண் வீட்டின் சம்மதம் தேவையில்லை. அந்த வரியும் உதயகுமார் டைப் செய்ததுதான்.

மணவறையில் எபிசோடு போட்டுப் பார்த்தார்கள்.

"அந்தம்மா தண்ணீர்னு நாலு தடவை சொல்றாங்க" என்றார் ஷர்மிளா. "நீர்நிலைக்கு அருகாமைன்னு சொன்னா நல்லாயிருக்கும். நிறத்தையும் கொஞ்சம் நீலமாக்கலாம்."

"சார், இதைப் போடாம இருந்துடலாம்" என்றான் உதயகுமார். 

ரகுநாதனுக்கு அது வருத்தமாக இருந்தது. "தம்பி, நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே உண்மையைச் சொல்லத்தான். ஒரு ஏழைப் பெண்மணி பேசறாங்க. அவங்களைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? அவங்க முழுசாப் பேசட்டும். ஒரு ஃப்ரேம்கூட வெட்டக் கூடாது. சத்தத்தை மட்டும் எடுத்துட்டு மியூசிக் போடுங்க." பொன்னந்திக்காரர்கள் தலையசைத்தார்கள். அவர் தொடர்ந்தார். "ஊடகம்ங்கறது கண்ணாடி. கண்ணாடிக்கு யார் ஃப்ரேம் போட்டுக் குடுக்கறாங்களோ, அவங்க முகம்தான் அதுல முதல்ல தெரியணும். அது நன்றி. நன்றி இல்லாத கண்ணாடியை எவன் வீட்ல மாட்டுவான்?"

"அப்ப அவன் பேரையாவது எடுத்துடுங்க சார். யூசுப் பேர் வேண்டாம். வேற யார் பேரையாவது போட்டுக்கங்க."

"வேற பேரா?" ரகுநாதன் உண்மையிலேயே அதிர்ந்து போனார். ஷர்மிளா அந்தப் பக்கத்தைப் பிரித்து வைக்க, ரகுநாதன் வாசித்தார். "ஒவ்வொரு வாரமும் யூசுப்போட பேரும் முகமும் வந்தே ஆகணும். எக்காரணம் கொண்டும். வேற ஒருத்தர் பேரைப் போடக் கூடாது. யாரும் விலகக் கூடாது. இதை எழுதினது யாரு? நீயே மீறச் சொல்றியா தம்பி? கையெழுத்துன்னா இந்த ஆபீஸ்ல ஒரு புனிதம் இருக்கு."

மஞ்சள் நூல் அவிழ்ந்து ஜமக்காளத்தில் கிடந்தது. உதயகுமார் தான் எழுதிய பக்கத்தை ஒரு ஓட்டைக்காகத் தேடினான். ஒன்றும் இல்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தான்.

ஒளிபரப்பு சாயங்காலம். அதற்குச் சற்று முன்னால் யூசுப்புக்கு ஃபோன் செய்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"மச்சான், அக்கா கடையில பெரிய டீவி வெச்சிட்டோம்டா. தெருவே குந்திகினு கீது. கரண்டு போய்டப் போவுதுன்னு சாமி கும்புட்டுகினு கீதுங்க. இன்னாடா சொல்லு?"

"ஒண்ணுமில்ல."

"அப்பால பேசறேன், சரியா?"

"சரி" என்றான் உதயகுமார்.

சொல்ல வேண்டியது அத்தனையும் அவன் வாயில்தான் இருந்தது. கோழைக்கு 'சரி' மாதிரி வசதியான சொல் வேறு இல்லை.

எபிசோடு வந்தது. முதலில் யூசுப்பின் முகம், பெரிதாக. அடியில் அவன் பெயர். பிறகு வீணை. நீலநிறத் தண்ணீர். அதில் பஞ்சவர்ணம் நிற்கிறாள், வாய் அசைகிறது, கை நீள்கிறது. விரல் போகும் திசையில், யூசுப் எடுக்காத ஒரு காட்சியில், கேமரா போகிறது, சுவரைத் தாண்டி மேலே மேலே ஏறிப் பொன்னந்தி ஹோம்ஸின் பால்கனியில் போய் நிற்கிறது. அங்கே ஒரு குடும்பம் காபி குடிக்கிறது. தேன் தடவிய குரலில் ஒரு பெண் சொல்கிறாள்: "பஞ்சவர்ணம் அக்காவுக்கு ஒரு கனவு. உங்களுக்கு அது கைநீட்டும் தூரம். பொன்னந்தி, ஏரி பார்த்த வீடு." மறுபடி யூசுப்பின் முகம். நன்றி, வணக்கம்.

விளம்பர உலகத்தில் அது பெரிய பேர் வாங்கியது. பந்தம் டிவி ஒரு விழாவே எடுத்தது. மேடையில் ரகுநாதன் உதயகுமாருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். போர்த்திய கை தோளிலேயே தங்கியது. "பழைய ஒப்பந்தங்கள்ல தயாரிப்பாளரை நாம வெளிய அனுப்புவோம். அவர் வெளிய போய் நம்மளைத் திட்டுவார். என் தம்பிதான் கண்டுபிடிச்சான், அவரை வெளியவே விடக் கூடாதுன்னு. நிகழ்ச்சி நம்மது, முகம் அவரோடது. திட்டு எங்க போகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க." அரங்கம் சிரித்தது. "இனிமே நம்ம எல்லா நிச்சயத்துலயும் இந்த ஷரத்து இருக்கும். இதுக்கு உதயகுமார் ஷரத்துன்னே பேர் வெச்சிருக்கோம்."

உதயகுமார் அந்தக் கைக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தம்பி என்று சொன்ன அதே வாய். தன்னை ஏமாற்றினார்கள் என்பதைவிட, தன் நல்லெண்ணத்தை வைத்தே ஏமாற்றினார்கள் என்பதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. சால்வையைக் கழற்றி வீசியிருக்கலாம். கதைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அவன் கழற்றி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

யூசுப் ஃபோனை எடுப்பதே இல்லை. அடுத்த மழையன்று உதயகுமார் குமணன்சாவடிக்குப் போனான். டீக்கடைக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "பாயி வானகரத்துலதான் கெடக்குறாரு" என்றதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பஞ்சவர்ணத்தின் தெருவுக்குள் இறங்கினான். தண்ணீர் பழுப்பாக, முட்டிவரை இருந்தது. ஆப்பக்கடை மேஜைமேல் பஞ்சவர்ணமும் இரண்டு பெண்களும் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவளை டிவியில் பார்த்ததோடு சரி. அவளுக்கு அவன் யாரென்று தெரியாது.

"அக்கா, யூசுப் எங்க இருக்காரு?"

"கடைசி ஊடு" என்றாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"எந்தப் பக்கம்க்கா?"

அவள் மோவாயை ஒருபக்கம் ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்களும் கையை வெளியே எடுக்கவில்லை. அவனுக்கு விளங்காமல் நிற்பதைப் பார்த்துப் பஞ்சவர்ணமே சொன்னாள். "தப்பா நெனச்சிக்காத நைனா. இந்தத் தெருவுல இப்போ யாரும் கை நீட்டி எதையும் காட்றதில்ல. நீட்டுனா பின்னாடி பாட்டு போட்ருவானுங்க."

"யூசுப் மேல கோவமாக்கா?"

"கோவப்பட்டு இன்னா ஆவப் போவுது. வராதன்னு சொன்னோம். மழ பேஞ்சா வந்து ஊடு ஊடா தண்ணி எறச்சினு கீறாரு. நாங்க பேசறதில்ல. அவுரும் பேசறதில்ல." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு, அவுரு கூட்டாளியா?"

 தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

கடைசி வீட்டு வாசலில் யூசுப் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் வாளியால் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். கொட்டிய தண்ணீர் போக இடமில்லாமல் திரும்ப உள்ளேதான் வந்தது. அவனும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான்" என்றான் உதயகுமார்.

யூசுப் நிமிர்ந்தான். "வாங்க சார்."

அந்த 'சார்' கன்னத்தில் விழுந்ததுபோல இருந்தது. "டேய், உனக்காகத்தான்டா அதை எழுதினேன். சத்தியமா. யாரும் உன்னைத் தூக்கி எறியக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

"தெரியும் சார்." யூசுப் வாளியைத் தரையில் வைக்கவில்லை. குரலில் கோபம் எதுவும் இல்லை. "நானும் ஒரு வக்கீலாண்ட காட்னேன். நூலை அவுத்து எல்லாத்தையும் படிச்சாரு. எங்கயும் ஓட்ட இல்லன்னுட்டாரு. என்ன கவுக்கணும்னு எவனாவது எழுதியிருந்தா, அவசரத்துல எங்கயாவது ஒரு ஓட்ட வுட்ருப்பான். நீங்க பாசமா எழுதிட்டீங்க."

மறுபடி குனிந்து வாளியை முக்கினான். வரும் வாரமும் அவன் முகம் வரும், அதற்கடுத்த வாரமும் வரும். மூன்று வருஷத்துக்கு எக்காரணம் கொண்டும் வரும்.

உதயகுமார் இன்னொரு வாளி இருக்கிறதா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. மறுநாள் காலையில் மணவறையில் ஒரு நிச்சயம் இருந்தது. வெற்றிலை வாங்க வேண்டும். வந்த வழியே திரும்பி நடந்தான். தெருமுனைக்கு வந்ததும் அந்தச் சுவரை முதல்முறையாக நேரில் பார்த்தான். டிவியில் தெரிந்ததைவிட அது குட்டையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்து, பழக்கத்தில் கையைத் தூக்கி அசைத்தான். தெருவில் எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கையும் எழவில்லை.